தவிட்டுச் சாடிக்கு நாவூறு கழித்த விபரம்

கிளேட்டன், மெல்பேர்ண்.
பங்குனி, 2013.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய வாசுதேவன் அத்தான் அவர்கட்கு,

இவ்விடம் நானும் விமலாதேவியும் முருகன் புண்ணியத்தில் நலம். அவ்விடம் தங்கள் நலத்தை நான் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் அது எனக்குத் தெரியும். உங்கள் மகன் சிறிதரன் போனில் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டான். அக்கா காலமாகிப் போன நாளிலிருந்து நீங்கள் வெயில் ஏறும்வரை படுக்கையை விட்டு எழும்புவதில்லையாம், கொக்குவில் வீட்டின் வாசல் கதவே திறபடுவதில்லையாம், வெறுந்தேத்தண்ணியோடு பொழுது போகிறதாம், வயிறும் ஒத்துழைப்பதில்லையாம். "மாமா, நீங்களாவது அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, உங்கட சொல்லை அவர் தட்டமாட்டார்" என்கிறான். நீங்கள் என் சொல்லை ஒருநாளும் கேட்டதில்லை என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. எனினும் எழுதுகிறேன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று: ஜப்பானியர் புளிக்க வைத்துச் சாப்பிடும் உணவுகளின் மகிமையை எடுத்துச் சொல்லி, உங்களை ஒரு சாடியும் ஒரு மூட்டை தவிடும் வாங்க வைப்பது. சிரிக்காமல் வாசியுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்ல வேண்டும். காலம் முழுவதும் யாழ்ப்பாணக் கச்சேரியில் கோப்புகளைப் புரட்டியவனுக்கு இங்கே புரட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மகன் சஞ்சீவ் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவான். நான் யன்னலோரக் கதிரையில் இருந்தபடி தெருவில் போகும் கார்களை மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். வயிறு வேலைநிறுத்தம் செய்தது, சீனி ஏறியது, பிரஷர் அதற்குத் துணை போனது, டொக்டர் நடக்கச் சொன்னார், நானும் நடந்தேன், குசினி வரைக்கும். இப்படி இருக்கையில் ஒருநாள் காலை பக்கத்து வீட்டுக் கூரையில் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், அங்கே தனியாக இருக்கும் ஜப்பானிய அம்மா, பெயர் கஸுயோ, வயது எழுபத்தெட்டு, ஏணி வைத்து மேலே ஏறிக் கூரைப் பீலிக்குள் விழுந்த சருகுகளை அள்ளி எறிந்துகொண்டிருக்கிறார். நான் பதறிப்போய்க் கையை ஆட்டிக் கத்தினேன். நான் காலை வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அத்தான், கூரையில் நின்றபடியே இடுப்பை மடித்துக் குனிந்து பதில் வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்தார்! நான் சமதரையில் ஒரு பேப்பரைக் குனிந்து எடுத்தால் நிமிர்த்துவதற்கு விமலா வரவேண்டும். இந்த மனுசி எதைச் சாப்பிடுகிறாரோ அதைத்தான் இனி நானும் சாப்பிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

வேலிக்கு மேலால் விசாரித்தேன். அவர் எங்கள் இருவரையும் சாப்பிட வரச்சொன்னார். (அவர் பேசுவது ஆங்கிலம், உங்களுக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.) முதலில் வைத்தது நத்தோ. அவித்த சோயா அவரையைப் பொத்தி வைத்துப் புளிக்கவிட்ட பொருள். குச்சியால் கிளறக் கிளற அதிலிருந்து நூல் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. கஸுயோ அந்த நூலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி அறுத்துவிட்டு அழகாகச் சாப்பிட்டார். எனக்கு அது கோப்பையில் தொடங்கி மீசையில் ஏறிச் சட்டைப் பொத்தானில் முடிந்தது. விமலா என் காதுக்குள், "இஞ்சருங்கோ, உது பழுதாப் போச்செண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றாள். அடுத்தது மிசோ. சோயாவையும் உப்பையும் பூஞ்சணம் பிடித்த அரிசியோடு பிசைந்து மாதக்கணக்கில் மூடி வைக்கிறார்கள். பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதற்கு நாங்கள் உயிரை விடுகிறோம், அதைப் பிடிக்க வைப்பதற்கு அவர்கள் உயிரை விடுகிறார்கள். அதைக் கரைத்து வைத்த சூப்பைக் குடித்தால் அடியில் எங்கள் மாசிக் கருவாட்டின் வாசம்! கேட்டால், ஓமாம், அதேமாதிரி ஒரு மீனைக் கட்டைபோலக் காயவைத்துச் சீவிப் போடுவார்களாம். எனக்கு மேனி புல்லரித்தது. அன்று வெள்ளிக்கிழமை, மீன் மச்சம் கூடாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விமலாவுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் புல்லரித்தது, வேறு மாதிரி.

அதைவிட, கஸுயோ சொன்னதைக் கேளுங்கள். எங்கள் குடலுக்குள் கோடானுகோடி சீவன்கள் குடியிருக்கின்றனவாம், புளித்த சாப்பாடு அவற்றுக்குத் துணைக்கு ஆள் அனுப்புவது மாதிரியாம், அவை சந்தோசமாக இருந்தால் நாங்கள் சந்தோசமாக இருப்போமாம். இத்தனை காலமும் எனக்குள் ஒரு மாகாணமே இருந்திருக்கிறது, கச்சேரிக்காரனான எனக்குத் தெரியாமல்! அன்றிரவு சஞ்சீவிடம் சொன்னேன். "இட்ஸ் ஜஸ்ட் பக்டீரியா, அப்பா" என்றுவிட்டுப் போனான். ஜஸ்ட் என்கிறான், அத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைக் கண்டும் வாய் பிளக்கத் தெரியாது.

இனி மேற்படி சாடி. அரிசித் தவிட்டை உப்புத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குப் பிசைந்து ஒரு சாடியில் வைத்திருக்கிறார், அதற்கு நூக்கா என்று பெயர். வெள்ளரிக்காய், கரட், முள்ளங்கி, எதை அதற்குள் புதைத்தாலும் மறுநாள் ஊறுகாயாக எழும்பி வரும். அவர் ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் முடித்துக் கப்பலேறியபோது தாயார் தன்னுடைய சாடியிலிருந்து அள்ளிக் கொடுத்துவிட்டாராம். அதை எப்படி இந்த நாட்டுக்குள் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். அதன்பிறகு அவர் தாயாரை உயிரோடு காணவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தத் தவிட்டை அடியிலிருந்து மேலே புரட்ட வேண்டும், அதுவும் வெறுங்கையால். கரண்டி கூடாது. ஏனென்றால் புரட்டுகிறவருடைய கையில் இருக்கும் சீவன்கள் இறங்கிப்போய் அதற்குள் குடியேறுமாம், வீட்டுக்கு வீடு ருசி வேறுபடுவது அதனால்தானாம். "என் அம்மாவின் கை இன்னும் இதற்குள் இருக்கிறது" என்று கஸுயோ மிகச் சாதாரணமாகச் சொன்னார். மாட்டுக்கு வைக்கும் தவிடு, அத்தான். அதற்குள் ஒரு தாயின் கை.

தை மாதம் அவருடைய தங்கைக்கு ஜப்பானில் ஒப்பரேஷன். கஸுயோ கட்டாயம் போகவேண்டும். வேறு ஆளில்லாமல் சாடியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். குளிர்ச்சியான இடத்தில், குசினிக்குள் வையுங்கள், ஒவ்வொரு நாளும் புரட்டுங்கள், ஒருநாளும் தவறவேண்டாம் என்றார். எனக்கு ஒருமுறை குனிந்தார், பிறகு சாடிக்குக் குனிந்தார். சாடிக்குக் குனிந்தது கொஞ்சம் கூட.

குசினிக்குள் வைப்பதற்கு விமலா விடவேண்டுமே! "என்னப்பா, இதென்ன கோதாரி? மாட்டுத் தீனைக் கொண்டந்து சாமித்தட்டுக்குக் கீழ வைக்கப் போறியளோ? கராஜுக்குள்ள கொண்டுபோய் வையுங்கோ" என்றாள். நான் வாதாடினேன், ஆனால் எங்கள் வீட்டில் வாதத்துக்கும் தீர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை. சாடி கராஜுக்குப் போனது. ஆனால் அன்று முதல் என்ன நடந்தது தெரியுமா? நான் அலாரம் இல்லாமல் விடிய எழும்பத் தொடங்கினேன். முகம் கழுவி, கையைச் சவர்க்காரம் இல்லாமல் அலம்பி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் புரட்டுவேன். உள்ளே இளஞ்சூடாக இருக்கும். உயிருள்ள ஒன்றைத் தொடுகிறோம் என்று விரலுக்குத் தெரியும். புரட்டி முடிந்ததும் அதற்கு வெள்ளரிக்காய் வேண்டும் என்று சந்தைக்கு நடப்பேன், கரட் வேண்டும் என்று மறுபடியும் நடப்பேன். முதல் வெள்ளரிக்காயைக் கடித்தபோது சத்தியமாகக் கண் கலங்கியது. வயிறு வேலைநிறுத்தத்தைக் கைவிட்டுக் கடமைக்குத் திரும்பியது, நேரந்தவறாமல்.

இந்த நேரத்தில்தான் சிவமணி அன்ரி வந்தா. விமலாவின் கோவில் கூட்டாளி. கேரம் டவுன்ஸ் கோவிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்கிறேன் என்று வந்தவ, கராஜுக்குள் நுழைந்து ஊறுகாயை ருசி பார்த்துவிட்டு, "என்ன வடிவான சாடி! என்ன மாதிரி மினுங்குது! தேவராஜா அண்ணை பச்சைப்பிள்ளை வளர்க்கிற மாதிரியெல்லோ வளர்க்கிறார்" என்று போகும்வரை அதையே சொல்லிவிட்டுப் போனா. அதற்கு இரண்டாம் நாள் வெயில் தொடங்கியது. இந்த ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாது, அத்தான், அடுப்பு வாசலைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று. கராஜுக்குத் தகரக் கூரை, தகரக் கதவு. நான் காலையில் போய் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து பெயின்ற் கழுவும் எண்ணெய் நாற்றம், மேலே வெள்ளையாக ஒரு படை. பயந்துபோய் ஈரச்சாக்குச் சுற்றினேன், மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். காற்றாடி சாடியைக் குளிர்விக்கவில்லை, நாற்றத்தை எடுத்துக்கொண்டுபோய் மறுபக்கத்துக் கிரேக்கர் வீட்டில் கொடுத்தது. அவர் காஸ் கசிகிறது என்று போன் போட்டுவிட்டார். மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பேர் கருவியோடு வந்து, சுவரெல்லாம் மோந்து, குழாயெல்லாம் மோந்து, கடைசியில் கராஜுக்குள் போய்ச் சாடிக்கு முன்னால் நின்றார்கள். கருவி ஒன்றும் சொல்லவில்லை. மனிதர்கள்தான் பின்வாங்கினார்கள். "இதற்குள் இருப்பது என்ன?" என்று ஒருவர் கேட்டார். "பக்கத்து வீட்டு அம்மாவின் அம்மா" என்று பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. பிறகு அதை விளங்கப்படுத்தி முடிக்க வெகுநேரம் ஆனது.

அவர்கள் போனபின் நான் கராஜுக்குள் தனியாக நின்றேன். கஸுயோவுக்குப் போன் எடுக்கலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கைக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் எதைச் சொல்வது? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அத்தான், சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு மனுசி தன் தாயில் மிஞ்சியிருந்ததை என் கையில் தந்துவிட்டுப் போக, நான் அதைத் தகரத்துக்குக் கீழே வைத்து அவித்துவிட்டேன். கதவடியில் விமலா நின்றதை நான் காணவில்லை. அக்கா போன செய்தி வந்த அன்றைக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உள்ளே வந்து என் தோளைத் தொட்டாள். பிறகு, "எழும்புங்கோ. உது சிவமணியின்ர கண். அவ வந்தண்டே நான் நினைச்சனான்" என்றாள்.

உள்ளே போய்க் கை நிறையக் கல்லுப்பு, செத்தல் மிளகாய், கடுகு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஊரில் ஒரு பிள்ளை கண்பட்டுக் காய்ச்சலாய்க் கிடந்தால் நாவூறு கழிப்பார்களே, அதையே செய்தாள். சாடியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி வைத்து, வலமும் இடமுமாகச் சுற்றி, கண்ட கண், வந்த கண், சிவமணி கண், காஸ்காரன் கண் எல்லாம் போக என்று முணுமுணுத்தாள். நான் இந்தச் சங்கதிகளை நம்பாதவன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றேன். சுற்றியாயிற்று, இனி நெருப்பில் போடவேண்டும். அங்கேதான் சிக்கல். அன்று மாநிலம் முழுவதும் வெளியில் நெருப்பு மூட்டத் தடை, மீறினால் வழக்கு என்று ரேடியோ விடியத் தொடக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் போட்டால் புகை அலாரம் கத்தும், ஒருமுறை சஞ்சீவுக்குக் கழித்தபோது நெருப்பணைக்கிற வண்டியே வந்து நின்றது. "அப்ப உதை எங்க போடுறது?" என்று கேட்டேன். "எங்க கண் பட்டுதோ அங்கேயே போடுறன்" என்று, என்னைத் தடுக்கவும் விடாமல், கையில் இருந்த அவ்வளவையும் சாடிக்குள் போட்டுவிட்டாள்! போட்டதோடு நிற்காமல், மாட்டுத் தீன் என்று பக்கமும் வராதவள், முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு புரட்டுப் புரட்டினாள். பிறகு, "வருத்தக்காரப் பிள்ளையை ஆராவது வெளியில கிடத்துவினமோ? தூக்குங்கோ" என்றாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினிக்குள், சாமித்தட்டுக்குக் கீழேயே வைத்தோம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். நாற்றம் நாளுக்கு நாள் இறங்கியது. படை மறைந்தது. ஒருநாள் விடிய மூடியைத் திறந்தால் பழையபடி அந்தப் புளிப்பும் இனிப்பும் கலந்த வாசம். நான் சாடிக்குக் குனிந்தேன், அத்தான். விமலா பார்த்துச் சிரித்தாள், ஆனால் பகிடி பண்ணவில்லை.

மாசி முடிவில் கஸுயோ திரும்பி வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை, கராஜ், வெயில், காஸ்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். விமலா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் சட்டைக் கையை மடித்து உள்ளே விட்டார். மெதுவாகப் புரட்டினார். கை வெளியே வந்தபோது விரலிடுக்கில் ஒரு செத்தல் மிளகாய், உள்ளங்கையில் கடுகு. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதைப் போடச்சொல்லி யார் உங்களுக்குச் சொன்னது?" என்றார். விமலா வெளியே வந்து, வருவது வரட்டும் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாவூறை விளங்கப்படுத்தினாள். கஸுயோவின் கண் நிறைந்துவிட்டது. "வெயில் காலத்தில் புளிப்பு மிஞ்சினால் அம்மா இதைத்தான் போடுவார். உப்பு, மிளகாய், கடுகு. இந்த ஊருக்கு வந்து நான் அதை மறந்தே போனேன்" என்றார். அத்தான், எங்கே ஜப்பான், எங்கே கொக்குவில்! யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது? எனக்கு இன்றைக்கும் நினைத்தால் மயிர் கூச்செறிகிறது. விமலாவுக்கு மட்டும் ஆச்சரியம் இல்லை. "அவையளின்ர ஊரிலயும் சிவமணி மாதிரி ஆரும் இருப்பினம்" என்றாள்.

ஆகவே தங்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது என்னவெனில்: புதுச் சாடி ஒன்று வாங்கிக் கொதிநீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்து, மில்லில் நல்ல தவிடு எடுத்து, மேற்சொன்ன முறையில் பிசைந்து, அதில் ஊறும் காய்களை மூன்று வேளையும் தவறாமல் சாப்பிடுங்கள். கஸுயோ இந்த வயதில் கூரையில் ஏறுவதும், எனக்குச் சீனி இறங்கி வயிறு ஒழுங்குக்கு வந்ததும் இந்த ஊறுகாயின் சக்தியே அன்றி வேறில்லை. உங்களையும் இது எழுப்பி இருத்தும் என்று எழுத்தில் உறுதி தருகிறேன்.

சிறிதரனுக்கு எங்கள் ஆசி. அவன் பெண்சாதிக்கு விமலா அன்பு சொல்லச் சொன்னாள். நல்லூரான் உங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.

இங்ஙனம்,
என்றும் உங்கள் சொற்கேளாத மைத்துனன்,
தேவராஜா

பி.கு: நேற்றுக் கடித உறையை ஒட்டப்போகும் நேரம் கஸுயோ வேலிக்கு மேலால் எட்டி, யாருக்குக் கடிதம் என்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொல்லி, "நீங்கள் கூரையில் ஏறுவதே இந்த ஊறுகாயால்தான் என்று எழுதியிருக்கிறேன்" என்றேன். அவர் திகைத்துப்போனார். "நான் அதைச் சாப்பிடுவதில்லையே" என்றார். பிரஷராம். உப்புக் கூடாது என்று புருசன் இருந்த காலத்திலேயே டொக்டர் நிறுத்திவிட்டாராம், ஊறுகாயெல்லாம் அயலுக்குத்தான் போகிறதாம். கூரையில் ஏறுவது, பீலி துப்பரவாக்க வேறு ஆள் இல்லாததால். எனக்கும் இன்று காலை டொக்டரிடம் அதே தீர்ப்பு: சீனி இறங்கியது நடையால், பிரஷர் ஏறியது ஊறுகாயால், இனி அதைத் தொடவே கூடாது. ஆகவே எல்லாவற்றையும் இப்போது விமலாதான் சாப்பிடுகிறாள். புட்டுக்கு நல்ல தோதாம்.

"பிறகு ஏன் ஒவ்வொரு நாளும் புரட்டுகிறீர்கள்?" என்று கஸுயோவிடம் கேட்டேன். "ஒருநாள் விட்டால் அது பழுதாகிவிடும். அதனால் எழும்புகிறேன். எழும்பிவிட்டால் பிறகு அந்த நாள் எப்படியோ போய்விடும்" என்றார்.

அத்தான், மேலே ஆரோக்கியம் பற்றி நான் எழுதிய அனைத்தையும் இத்தால் இரத்துச் செய்கிறேன். ஊறுகாய் சாப்பிட வேண்டாம். தவிடு மட்டும் வாங்குங்கோ, விடிய எழும்பிக் கையை வையுங்கோ. புதுச் சாடியும் வேண்டாம். குசினித் தட்டில் அக்காவின்ர தேசிக்காய் ஊறுகாய்ச் சாடி இருக்குமெல்லோ, அதை எடுங்கோ. கழுவிப் போடாதேங்கோ.